டயகமவிலிருந்து ஒன்பதாவது சுற்றுக்கு

இந்தப் பதிவை எழுத வேண்டாம் என்று பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் மாதம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் பெண்களுக்கான அழைப்புச் சதுரங்கப் போட்டி நடந்தது. நாட்டின் முன்னணி வீராங்கனைகள் பத்துப் பேர், ஒன்பது சுற்றுகள். முதலிடம் பெறுபவர் வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்குப் போகலாம். மற்றவர்கள் கிரிக்கெட் பின்னால் அலைவதுபோல நான் செஸ் பின்னால் அலைகிறவள். கடைசி மூன்று சுற்றுகளைப் பார்க்க அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன்.

வியாழக்கிழமை காலை 8.45க்குக் கண்டியில் ரயில். வலப்பக்க ஜன்னலுக்கு அடித்துக்கொள்ளாதீர்கள், வட்டகொடை தாண்டியதும் இரண்டு பக்கமும் அழகுதான். 12.50க்கு நானுஓயா. அங்கிருந்து நுவரெலியா ஒன்பது கிலோமீட்டர். முச்சக்கரவண்டிக்காரர் ஆயிரத்து ஐந்நூறு கேட்டார், நான் அறுபது ரூபாய்க்கு பஸ்ஸில் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்ன விடுதி, ஓர் இரவுக்கு நாலாயிரம். சுடுதண்ணீர் காலை ஏழுவரைதான் வரும்.

வெள்ளிக்கிழமை ஏழாவது சுற்று, பத்து மணிக்கு. வீராங்கனைகள் மேல்மாடி அறைகளிலிருந்து இறங்கி வந்தார்கள். இரண்டு பேர் காலில் வீட்டுச் செருப்பு. ஒரு நாற்காலி மட்டும் காலி. அதற்கு நேரே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சுற்று தொடங்கி முப்பது நிமிடத்துக்குள் வராவிட்டால் ஆடாமலே தோல்வி என்பது விதி. 10.18க்கு ஒரு பெண் நனைந்த ஜாக்கெட்டோடு ஓடிவந்து உட்கார்ந்தாள். பெயர் ஷாலினி, வயது பத்தொன்பது. பதினெட்டு நிமிடத்தைத் தொலைத்துவிட்டும் அந்த ஆட்டத்தை வென்றாள்.

வெளியே பிடித்து விசாரித்தேன். வீடு டயகம தேயிலைத் தோட்டம். தினமும் போய் வருகிறாள்.

"ரூம் தரலியா?"

"கேட்டோங்கக்கா. நுவரெலியா மாவட்டத்து ஆளுங்களுக்கு ரூம் இல்லன்னுட்டாங்க. நாங்க உள்ளூராம்."

உள்ளூராம்! டயகமவிலிருந்து இந்த மண்டபம் நாற்பத்தெட்டு கிலோமீட்டர், இரண்டு பஸ், நாலரை மணி நேரம். கொழும்பில் உட்கார்ந்து வரைபடம் பார்க்கும் யாரோ ஒருவருக்கு நுவரெலியா மாவட்டம் என்றால் ஏரியும் குதிரைப் பந்தயத் திடலும் மட்டும்தான் போலிருக்கிறது. மேடையில் கட்டியிருந்த பெரிய பதாகையில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். ஷாலினியின் அம்மாவுக்கு அதே வேலை. படத்துக்கு ஆள் வேண்டும், அவள் மகளுக்குக் கட்டில் கிடையாது.

சனிக்கிழமை எட்டாவது சுற்று முடிந்தபோது கொழும்பைச் சேர்ந்த தினிதிக்கு ஆறரைப் புள்ளி, ஷாலினிக்கு ஆறு. கடைசிச் சுற்றில் இருவரும் நேருக்கு நேர். ஷாலினி வென்றால் முதலிடம், வெளிநாட்டுப் பயணம். சமநிலை என்றாலும் எல்லாம் தினிதிக்கே.

இரவு என் அறையில் தங்கிக்கொள் என்றேன்.

"அம்மாகிட்ட சொல்ல முடியாதுங்கக்கா. தோட்டத்து லயத்து வீட்டுல சிக்னல் இல்ல. நான் வரலன்னா பஸ் நிக்கிற எடத்துலயே நின்னுக்கிட்டு இருப்பாங்க. அதுக்குப் பதிலா நீங்க எங்க வீட்டுக்கு வாங்களேன்."

போனேன். பிற்பகல் 2.40க்குத் தலவாக்கலை பஸ், லிந்துலையில் இறங்கி மாறவேண்டும். அங்கே பஸ் நிலையத்துக்கு எதிரே முஸ்லிம் கடை ஒன்றில் ரொட்டியும் சம்பலும் கிடைக்கும். கடைக்காரரை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுகிறார்கள். டயகம பஸ் 4.30க்கு வந்தது. அக்கரப்பத்தனை தாண்டியதும் பாதையில் தாரைவிடப் பள்ளம்தான் அதிகம். இடுப்பு வலிக்காரர்கள் பின் சீட்டில் உட்காராதீர்கள். ஷாலினி மடியில் சின்னக் காந்தப் பலகையை வைத்துக் காய்களை நகர்த்திக்கொண்டே வந்தாள்.

"இன்னைக்கு வெற்றியா தோல்வியா, தங்கச்சி?" என்று கண்டக்டர் கேட்டார்.

"டிரா, அண்ணே."

"அப்ப நாளைக்கு முன் சீட்ட உனக்கு வச்சிருக்கேன். அங்கதான் பலகை ஆடாது."

அவள் அம்மா பாக்கியம் பஸ் நிற்கும் இடத்தில் குடையோடு நின்றார். இந்தப் போட்டிக்காகத் தான் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார். எனக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு அம்மாவும் மகளும் பாயில் படுத்தார்கள். மறுத்தேன், கேட்கவில்லை.

ஞாயிறு காலை 5.30 பஸ். கண்டக்டர் சொன்னபடி முன் சீட்டை வைத்திருந்தார். லிந்துலையில் நுவரெலியா பஸ் அதிசயமாக உடனே கிடைத்தது. 9.10க்கு ஹோட்டல் வாசலில் நின்றோம். சுற்று பத்து மணிக்கு, கையில் ஐம்பது நிமிடம். "மொத தடவையா மொகம் கழுவிட்டு ஒக்காரப் போறேன்" என்று சிரித்தாள் ஷாலினி.

மண்டபத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

பிரதம விருந்தினர் நண்பகலுக்குள் கிளம்ப வேண்டுமாம். அதனால் பரிசளிப்பை 11.30க்கும் சுற்றை 8.30க்கும் மாற்றிவிட்டார்கள். எப்போது சொன்னார்கள்? சனிக்கிழமை இரவு, ஹோட்டல் சாப்பாட்டு மண்டபத்தில், எல்லோரும் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது. அங்கே அறை இல்லாத ஒரே ஆளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கே தினிதி வென்றதாக எழுதியாகிவிட்டது.

ஏற்பாட்டாளரிடம் கத்தினேன். சிங்களத்திலும் தமிழிலும் கத்தினேன். "எல்லாருக்கும் சொன்னோமே மேடம்" என்றார். "இவளுக்கு?" என்றேன். "உள்ளூர் ஆள்தானே, தெரிஞ்சிருக்கும்னு நினைச்சோம்" என்றார். கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. நடுவர் மட்டும் கொஞ்சம் வெட்கப்பட்டார். ஆனால் விதிப் புத்தகத்தை மூடவில்லை. ஷாலினி பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தினிதி எழுந்து வந்தாள். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று தானும் சும்மா இருந்துவிட்டதாகச் சிங்களத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். பிறகு ஒரு பலகையையும் கடிகாரத்தையும் வரவேற்பறை மேசைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். "வா, ஆடுவோம். எனக்கும் தெரியவேண்டும்" என்றாள்.

9.40க்குத் தொடங்கினார்கள். முழு நேரக் கணக்கு, இருவரும் நகர்த்தல்களை எழுதினார்கள். 11.30க்குப் பிரதம விருந்தினர் வந்து மாலை போட்டுக்கொண்டார். ஏற்பாட்டாளர் ஓடிவந்து தினிதியை மேடைக்குக் கூப்பிட்டார். அவள் தலையைத் தூக்காமல், ஆட்டம் முடியட்டும் என்றாள். மறுபடி வந்தார். அதே பதில். நண்பகல் தாண்டிவிட்டது. விருந்தினர் தேநீர் குடித்தார், கைப்பேசி பார்த்தார், இன்னொரு தேநீர் குடித்தார். எனக்கு அந்த மூன்று நாளில் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

12.25க்கு ஷாலினியின் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட ஒரே நகர்த்தல் பாக்கி. தினிதி தன் ராஜாவைச் சாய்த்துக் கைகொடுத்தாள். நகர்த்தல் தாளில் தோல்வி என்று கையெழுத்துப் போட்டு ஷாலினியிடம் நீட்டினாள். பிறகு மேடைக்குப் போய் வெற்றிக் கோப்பையை வாங்கினாள். வெளிநாட்டுக்கும் அவள்தான் போகிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அட்டவணையில் மட்டும் ஷாலினி ஆட வராதவள். இதை எழுதும் இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

நீங்களும் இதுபோல் போட்டி பார்க்கப் போவதாக இருந்தால், மழைச் சட்டையும் தடித்த காலுறையும் எடுத்துப்போங்கள். லிந்துலைக்கு அப்பால் பஸ் நேரங்களைக் கண்டக்டரிடம்தான் கேட்கவேண்டும், இணையத்தில் இருப்பவை பழையவை. டயகமவுக்கு ஒரு வழிக்கு இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஏறக்குறைய முந்நூறு ரூபாய். போட்டி நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், அறை கொடுக்கும் முன் மாவட்டத்தைக் கேட்காமல் எத்தனை மணிக்கு பஸ் ஏறினாய் என்று கேளுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

நுவரெலியா பஸ் நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டு அவள் சீட்டருகே நின்றேன். அப்போது அவள் கைப்பேசி அடித்தது. பாக்கியம் சிக்னல் கிடைக்கும் கோயில் மேடுவரை ஏறிவந்து பேசினார். குரல் எனக்கே கேட்டது.

"நேரத்துக்குப் போயிட்டியா புள்ள?"

ஷாலினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போயிட்டேம்மா," என்றாள். "வெள்ளனவே போயிட்டேன்."