நாற்பது பேர் குளிக்கும் வீடு

இரும்பு மூடியைத் திறப்பதற்கு முன் கையிலுள்ள கம்பியால் அதன்மேல் இருமுறை தட்டுகிறார். "உள்ள இருக்கிறவங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா, ரீடிங் எடுக்கணும்" என்கிறார். உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஒரு பூரானும் சில எறும்புகளும்தாம். அவை இடம்பெயர்வதற்கு நியாயமான அவகாசம் கொடுத்த பிறகே மூடியை நெம்புகிறார். பிறகு முழந்தாளிட்டு, மீட்டரின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து, இலக்கங்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கிறார். கையடக்கக் கருவி ஒன்றைத் துறை கொடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் காதில் செருகிய பென்சிலால் முதலில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, அதைப் பார்த்தே கருவியில் பதிகிறார். "மெஷின் மறந்துடும்மா, கை மறக்காது."

பத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் தெருவின் தண்ணீர் மீட்டர்களைப் படிப்பவர் இவர்தாம். தெருவில் இவருக்குச் ‘சொட்டு’ என்று பெயர். எந்த வீட்டிலாவது குழாய் சொட்டும் ஓசை கேட்டால், அதை மூடாமல் இவரால் அடுத்த வீட்டுக்குப் போக இயலாது. ஒருமுறை துக்கம் விசாரிக்க வந்த வீட்டில், நேரே கொல்லைப்புறம் சென்று குழாயை இறுக்கிவிட்டு வந்த பிறகே இறந்தவரின் மகன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மனிதர்களை இவர் யூனிட்டுகளால் அறிகிறார். விருந்தினர் வந்ததும், பிள்ளைகள் விடுமுறைக்குச் சென்றதும், குழந்தை பிறந்ததும் இவருக்கு மீட்டர் சொல்லிவிடுகிறது. என் கணவர் மறைந்த மறுமாதம் மூடியைத் திறந்து பார்த்தவர், வழக்கம்போல் உரக்கப் படிக்கவில்லை. "கொறஞ்சிருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். தொப்பியைக் கழற்றிச் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார். ஆறுதல் கூற வந்தவர்களுள் அவ்வளவு சரியாகப் பேசியவர் வேறொருவர் இல்லை.

மீட்டரின் கண்ணாடிக்குள் சிவப்பு நிறத்தில் சிறு சக்கரம் ஒன்று உண்டு. ஒரு வீட்டின் அளவு திடீரென்று ஏறினால், வீட்டிலுள்ள குழாய்கள் அனைத்தையும் மூடச் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று நிமிடம் அச்சக்கரத்தைக் கவனிப்பார். எல்லாம் மூடிய பின்னும் சக்கரம் சுழன்றால் மண்ணுக்கடியில் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். துறையின் விதியும் அதுவே. என் வீட்டிலும் வங்கி ஊழியர் வீட்டிலும் மருந்துக்கடைக்காரர் வீட்டிலும் இப்படித்தான் கசிவைக் கண்டுபிடித்தார். "மொதல்ல குழாயைத்தான் சந்தேகப்படணும், ஆளுங்களை இல்ல" என்று அப்போது சொன்னார்.

தெருக்கோடியில் இருக்கும் வீட்டில் மட்டும் மூன்று மாதமாக அளவு ஏறியும் அந்தச் சோதனையை இவர் செய்யவில்லை.

எங்கள் நிறமும் முகச்சாயலும் இல்லாத குடும்பம் எங்கள் தெருவில் அது ஒன்றே. அவ்வீட்டுப் பெரியவரின் தந்தை இந்நகரத்தில் இரயில் ஓட்டியவர். பெரியவரின் மருமகள் நான் நாள்தோறும் ஏறும் பேருந்தை ஓட்டுகிறவர். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, எங்கள் மொழியையே வீட்டுக்குள்ளும் பேசுகிறவர்கள். பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், மூன்று பிள்ளைகள் என அவ்வீட்டில் எழுவர். மூத்த பெண்ணுக்கு இந்த ஆண்டு பதினெட்டு வயது நிரம்பியது. இவையெல்லாம் தெருவுக்குத் தெரியும். ஆயினும் தெருவில் ‘அவங்க’ என்று சொன்னால், யார் என்று எவரும் கேட்பதில்லை.

தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்த மாதம் அது. குடியிருப்போர் சங்கத்தின் அறையில் நாங்கள் ஆறு பேர் அமர்ந்திருந்தோம். கூட்டக் குறிப்புகளை எழுதுகிறவள் என்ற முறையில் நானும் இருந்தேன். மின்விசிறிக்கடியில் இளைப்பாற வந்த சொட்டிடம், சங்கச் செயலாளரான மருந்துக்கடைக்காரர் தெருச் செய்தி கேட்டார். கேட்டால் இவர் ஏதாவது நகைச்சுவையாகச் சொல்லியே தீருவார்.

"கோடி வீட்டு மீட்டரு பம்பரமாச் சுத்துது சார். நாப்பது பேராவது குளிச்சாத்தான் அவ்வளவு ஓடும். நமக்குக் கண்ணுல படுறது ஏழு. மிச்சப் பேரை எங்க அடுக்கி வச்சிருக்காங்களோ, பரண்லயோ கட்டிலுக்கு அடியிலயோ."

அறை முழுவதும் சிரித்தது. ‘அவர்கள் குளிப்பதே அதிசயம்’ என்று யாரோ சேர்த்துக்கொண்டார்கள். அதற்கும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் எல்லாருடைய கைபேசிக்கும் ஒரு செய்தி வந்தது. எங்கள் தெருவில் ஒரே வீட்டு முகவரியில் நாற்பது கள்ள வாக்காளர்கள் பதுக்கி வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றும், இதை நீர்வழங்கல் துறை அதிகாரி ஒருவரே உறுதிப்படுத்தியிருக்கிறார் என்றும், விழித்துக்கொள்ளாவிட்டால் நம் பிள்ளைகளுக்கு நாடு இருக்காது என்றும் அதில் இருந்தது. அன்று பிற்பகல் சொட்டு என் வீட்டு வாயிலில் நின்று, கைபேசியை நீட்டிப் பிடித்து எனக்குக் காட்டினார். அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

"பாத்தீங்களாம்மா? நான் என்னமோ வெளையாட்டுக்குச் சொன்னேன். நெசமாவே நாப்பதாம்."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"அதிகாரியே சொல்லியிருக்காராம்மா. எங்க டிபார்ட்மெண்ட்தான். அவங்களுக்கு எல்லாம் தெரியாமலா இருக்கும்."

பத்தொன்பது ஆண்டுகளில் இவரை ஒருவரும் அதிகாரி என்று அழைத்ததில்லை. அதனால் அச்சொல்லுக்குள் தாம் இருப்பதை இவர் அறியவில்லை. நான் அறிந்தேன். ‘அந்த அதிகாரி நீங்கள்தாம் தம்பி’ என்று சொல்ல ஒரு நொடி போதும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

அவ்வாரமே சங்கத்தின் சார்பில் தேர்தல் அலுவலகத்துக்கு ஆட்சேபக் கடிதம் ஒன்று போயிற்று. அவ்வீட்டிலிருந்து வாக்காளர் பட்டியலில் உள்ள நான்கு பெயர்களையும், புதிதாகச் சேர்க்க விண்ணப்பித்திருந்த மூத்த பெண்ணின் பெயரையும் விசாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சங்கத்தின் கடிதங்களை எழுதும் பணி எப்போதும் என்னிடமே வரும். இதுவும் வந்தது. ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். உண்மை ஒன்றும் இல்லாமலும் எழுதிக் கொடுத்தேன். இருபத்திரண்டு பேர் கையெழுத்திட்டார்கள். சொட்டு எங்கள் தெருவில் குடியிருப்பவர் அல்லர். ஆயினும் செயலாளர் நீட்டிய இடத்தில், ‘சாட்சி’ என்ற சொல்லுக்குக் கீழே, படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

விசாரணைக்கு முந்தைய நாள் காலையில் அந்த மாதத்து அளவெடுக்க வந்தார். அவ்வீட்டுக்கு எதிரே உள்ள நிறுத்தத்தில் நான் பேருந்துக்குக் காத்திருந்தேன். இவர் மூடியைத் திறக்கும்போதே மருமகள் வெளியே வந்தார். அன்று அவருக்குப் பணியில்லை. விசாரணைக்குரிய தாள்களைத் திரட்டுவதற்காக விடுப்பு எடுத்திருந்தார்.

"அண்ணா, தெருவுல எல்லார் வீட்டுலயும் குழாயை மூடச் சொல்லிச் சக்கரத்தைப் பாப்பீங்களாமே. மூணு மாசமா எங்க வீட்டுல ஏறிக்கிட்டே போகுது. எங்களை மட்டும் ஏன் மூடச் சொல்லல?"

இவர் மீட்டரின் கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். "இப்ப மூடுங்க" என்றார்.

மருமகள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். குழாய்கள் ஒவ்வொன்றாக மூடப்படும் ஓசை கேட்டது. பிறகு வீட்டிலுள்ளவர்கள் வெளியே வந்தார்கள். பெரியவர் மகனின் தோளைப் பற்றிக்கொண்டு வந்தார். பாட்டியம்மாள் ஈரக் கையோடு வந்தார். சிறுவர் இருவர் பள்ளிச் சீருடையில் வந்தார்கள். மூத்த பெண் நாடா கட்டிய கோப்பு ஒன்றை மார்போடு அணைத்தபடி வந்தாள். எழுவரும் படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். உள்ளே எட்டாவது ஆள் இல்லை.

சொட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிடம் என்பது எவ்வளவு நீளமானது என்று அன்று தெரிந்துகொண்டேன். சாலையின் இப்புறத்திலிருந்து சக்கரம் எனக்குத் தெரியவில்லை. அது சுழல்வது இவருடைய முதுகில் தெரிந்தது. குனிந்த தோள்கள் மெல்லத் தளர்ந்து, முழந்தாளிட்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கையால் மண்ணைத் தடவிக்கொண்டே போய், முதற் படிக்கு அருகே ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே மண் குளிர்ந்து குழைந்திருந்தது.

மருமகள் குனிந்து அந்த ஈரத்தைப் பார்த்தார். "அந்த நாப்பது பேரும் இதுக்குள்ளதான் இருக்காங்களா அண்ணா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. வந்து சொல்லுவீங்களா?"

இவர் கம்பியை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தார். என்னைக் கடந்தபோது தலை நிமிரவில்லை. நானும் வெயில் இல்லாத அந்த நேரத்தில் குடையை விரித்துச் சற்றுத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் வந்தார். கடைசி வரிசையில், சீருடையோடு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சங்கத்தின் சார்பில் செயலாளரும் நானும் முன்வரிசையில் இருந்தோம். தேர்தல் அலுவலர் என் கடிதத்தைச் சொல் சொல்லாக வாசித்தார். இதில் குறிப்பிடப்படும் நீர்வழங்கல் துறை அதிகாரி யார் என்று கேட்டார். செயலாளர் திரும்பி, கைநீட்டிச் சொட்டைக் காட்டினார்.

சொட்டு தமக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

எழுந்து நிற்க அவருக்குச் சிறிது நேரம் ஆயிற்று. "நான் அதிகாரி இல்லீங்க. மீட்டர் பாக்கிறவன். அது கசிவுதான். படிக்குக் கீழ பைப் விரிசல் விட்டிருக்கு. ஆளுங்க கிடையாது, ஏழு பேருதான்" என்றார்.

கசிவு என்பதை எப்போது கண்டறிந்தீர்கள் என்று அலுவலர் கேட்டார். நேற்று என்றார். மூன்று மாதமாக அளவு ஏறியிருக்கிறதே, முன்னரே ஏன் சோதிக்கவில்லை என்று கேட்டார்.

"தோணலீங்க."

மற்ற வீடுகளில்?

இவர் தொப்பியின் விளிம்பை விரல்களால் ஒரு முழுச் சுற்று சுற்றினார். "அங்கெல்லாம் தோணுச்சுங்க."

அலுவலர் அதையும் எழுதிக்கொண்டார். நான் மேசைமீது இருந்த என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதத்தை எழுதியவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. கேளாமலே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

நான்கு பெயர்களும் பட்டியலில் நீடிக்கும் என்று தீர்ப்பாயிற்று. மூத்த பெண்ணின் பெயரை மட்டும் சேர்க்க இயலவில்லை. ஆட்சேபம் நிலுவையில் இருந்தமையால் அவளுடைய விண்ணப்பம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. புதிய பெயர்களுக்கான பட்டியல் முந்தைய நாள் மாலையே முடிக்கப்பட்டுவிட்டது. அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்று அலுவலர் கனிவாகவே சொன்னார். அவள் கோப்பை மூடி, நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டாள். மறுநாள் காலையில் அவளுடைய தாய் எப்போதும்போல், நான் இருக்கையில் அமர்ந்துவிட்டேனா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்ட பிறகே பேருந்தை நகர்த்தினார்.

சங்கத்தில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்தச் செய்தியை அனுப்பியவர்களுள் எவரும் அது பொய் என்று மறுசெய்தி அனுப்பவில்லை. வாக்குப்பதிவு நாளன்று நாங்கள் அனைவரும் காலையிலேயே வரிசையில் நின்று வாக்களித்தோம்.

அதற்கு நான்கு நாள் கழித்துத் துறையின் ஆட்கள் வந்து அவ்வீட்டுக் குழாயை மாற்றினார்கள். வேலை முடிந்ததைச் சரிபார்க்கச் சொட்டு வந்திருந்தார். கடிதத்தை எழுதியது நான்தான் என்று மருமகளிடம் சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தோடு நானும் அவ்வீட்டு வாயில்வரை போயிருந்தேன். மருமகள் பணிக்குச் சென்றிருந்தார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மூத்த பெண்தான் வெளியே வந்தாள். பழுது நீங்கியது என்பதற்கான படிவத்தில் துறையின் சார்பில் இவரும் வீட்டின் சார்பில் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். இவர் படிவத்தைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்தார். அன்று காற்று பலமாக இருந்தது. எழுதப் போனால் தாள் எழும்பியது. இடக்கையால் பிடித்துக்கொண்டால் போதும். அந்தக் கையின் சுட்டுவிரலில் வாக்களித்த மை இன்னும் கருநீலமாக இருந்தது. அதை அவர் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஒரு கையாலேயே எழுத முயன்றார். தாள் நழுவியது. மறுபடியும் முயன்றார். மறுபடியும் நழுவியது.

அவள் ஒரு படி இறங்கிவந்து, மையில்லாத தன் விரல்களைத் தாளின் ஓரத்தில் வைத்து, அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.