‘சரிபார்ப்பு முடிந்தது’ என்று வந்த பதில்

டைம் ஆபீசில் புதிதாக உட்காரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, “யக்கா, அந்த ஏஜென்ட்டுகிட்ட எப்படிக் கேக்கணும்?” என்பதுதான். கேட்பது சுலபம், தமிழில் தட்டினாலே போதும். வருகிற பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செல்வராணி சமாசாரத்தைச் சொன்னால் புரியும்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் டைம் ஆபீஸ் என் பொறுப்பு. ஆள் வருகை, பாஸ், காப்பீடு எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். போன சீசனில் சின்ன முதலாளி, ஆட்களின் அடையாளத்தைச் சரிபார்க்க ஒரு ஏஐ ஏஜென்ட்டைக் கொண்டுவந்தார். அது தொழிலாளியின் போனுக்கு லிங்க் அனுப்பும். அவர் அதைத் திறந்து கேமராவில் முகத்தைக் காட்ட வேண்டும். யாருடைய சரிபார்ப்பு என்ன நிலையில் இருக்கிறது என்று நாம் கேட்டால், அதற்கென்று உள்ள டூல் வழியாகப் போய்ப் பார்த்து, ‘காத்திருக்கிறது’, ‘காலாவதி’, ‘முடிந்தது’ என்று பதில் சொல்லும். நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். நாள்கணக்கில் இழுத்த வேலை டீ குடிப்பதற்குள் முடிந்தது.

வெடிமருந்து அடைக்கிற மருந்து அறை ஆட்களுக்கு மட்டும் ‘காலாவதி’ என்றே வந்தது. லிங்க் வருவது வேலை நேரத்தில். கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். அந்த அறை ஆட்களின் போன் எல்லாம் அந்த நேரத்தில் வாசல் கேட்டில் உள்ள பெட்டிகளில் பூட்டிக் கிடக்கும். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. மருந்துக்கு ஒரு பொறி போதும். வெளியூரிலிருந்து வந்து ஏஜென்ட்டை மாட்டிவிட்டுப் போனவர்களுக்கு இது எங்கே தெரியும்? மற்றவர்கள் ஒரு நாள் லீவு போட்டு வீட்டிலிருந்து முடித்துக்கொண்டார்கள். மருந்து அடைக்கிற செல்வராணி லீவே போடாதவள். ‘திங்கட்கிழமை முதல் சரிபார்ப்பு முடியாதவர்களுக்குப் பாஸ் இல்லை’ என்று போர்டில் எழுதிப் போட்டிருந்தார் சின்ன முதலாளி.

சனிக்கிழமை காலை வந்து கேட்டாள். “யக்கா, இன்னைக்கு லிங்கு வருமா?”

“வரும். நீ வேலையப் பாரு, நான் முதலாளிகிட்டப் பேசுறேன்” என்றேன்.

முன்பகலில் சின்ன முதலாளி ஆபீசுக்கு வந்தார். இதுதான் சமயம் என்று, அவர் முன்னாலேயே செல்வராணியின் நிலையைக் கேட்டுத் தட்டினேன். ‘சரிபார்ப்பு முடிந்தது’ என்று வந்தது.

“பாத்தீகளாக்கா! சும்மா பயந்தீக” என்று சிரித்தார்.

நான் திரும்பவும் தட்டினேன். எப்போது முடிந்தது என்று கேட்டேன். சற்று முன், முகம் பொருந்தியது என்றது ஏஜென்ட்.

“அதான் முடிஞ்சிருச்சுல்ல, இன்னும் என்னத்தக் கேக்கீக?”

“முதலாளி, அவ காலையிலயே உள்ள போயிட்டா. போன் பெட்டிக்குள்ளல்ல இருக்கணும். பெட்டிக்குள்ள கெடக்குற போனுக்கு மூஞ்சியக் காட்டுனது யாரு?”

மனுஷன் முகம் வெளிறிவிட்டது. கேட்டுக்கு ஓடிப்போய் அவள் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே ஒரு பழைய பட்டன் போன் இருந்தது. அதைக் கணக்குக்கு வைத்துவிட்டு, கேமரா போனை மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு மருந்து அறைக்கு நடந்தேன். ஓடக் கூடாது, கத்தக் கூடாது. உள்ளே ஒருத்தி திடுக்கிட்டுக் கை தவறினால் அவ்வளவுதான். உடம்பில் உள்ள மின்சாரம் இறங்க, வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். நாலு பேரும் குனிந்து மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“செல்வராணி, எல்லாத்தையும் அப்படியே வச்சிட்டு மெதுவா வெளிய வா. மத்தவுகளும் வாங்க. ஒரு சோலி இருக்கு.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவ்வளவு சாந்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

வேப்பமரத்தடிக்கு வந்ததும் மடியிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தாள். திரை முழுக்க வெள்ளி மருந்துத் தூள்.

“அடிப்பாவி, இது அங்கன இருக்கும்போது ஒரு கால் வந்திருந்தா?”

“அணைச்சு வச்சிட்டேன்னுதான் நெனச்சேன்க்கா. கக்கூசுப் பக்கம் போயித்தான் மூஞ்சியக் காட்டுனேன். திங்கக்கிழமை வராதன்னுட்டா நான் எங்கன போவேன்?” என்று அழுதாள். போனைத் திருப்பிப் பார்த்தேன். அணையவில்லை.

உள்ளே போன் கொண்டுபோனால் உடனே ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. பின்னாலேயே வந்த சின்ன முதலாளி அதைத்தான் சொன்னார்.

“வேணும்னா நிறுத்துங்க. ஆனா போன் பெட்டியில இருக்கும்போது லிங்க அனுப்புனது நாம. இவள அனுப்பிட்டீகன்னா அடுத்தவ இத விட நல்லா ஒளிச்சுக் கொண்டுபோவா. நமக்குத் தெரியவும் தெரியாது” என்றேன். என் வேலைக்கே உலை வைத்தாலும் வைக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவர் அந்தத் தூள் படிந்த போனை வாங்கிப் பார்த்துவிட்டு, அவளை நிறுத்துகிற பேச்சை விட்டுவிட்டார். செல்வராணியைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார். ஆட்கள் போனைப் பெட்டியில் வைப்பதற்கு முன், காலையில் கேட்டிலேயே லிங்க் வர வேண்டும் என்று அன்றே ஏஜென்ட்டை மாற்றியமைக்கச் சொன்னார்.

பிள்ளைகளே, டூல் பொய் சொல்லவில்லை. அவள் செல்வராணிதான். ஆள் யார் என்பதை அது சொல்லும். அந்த நேரத்தில் ஆள் எங்கே இருக்கிறாள் என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். நல்ல பதில் வந்தாலும் கேளுங்கள்.

அன்று சாயங்காலம் அந்த அறையின் நாலு பெண்களும் கம்பெனி வண்டியில் ஏறி உட்காரும் வரை கேட்டிலேயே நின்றேன். வண்டி கிளம்பிய பிறகுதான் ஆபீசுக்குத் திரும்பினேன்.