ஓனர் சமையலறையில் ஒரு பட்டன்

பெங்களூர் பிரேசர் டவுனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் மோட்டார் கீழே, தண்ணீர்த் தொட்டி மூன்றாம் மாடிக்கு மேலே. நிறைந்ததா என்று ஏறிப் பார்ப்பது என் வேலை. யாரும் வைத்த வேலையல்ல. ஒரு தடவை ஏறினேன், ஒட்டிக்கொண்டது. இப்போது வலது முழங்கால் போய்விட்டது.

அதனால்தான் டைமர் செய்தேன். ஒரு சின்ன போர்டு, மோட்டாரைப் பிடித்து ஓட்டவும் விட்டு நிறுத்தவும் ஒரு ரிலே. பட்டனைத் தொட்டு விட்டால் போதும். மோட்டார் ஓடும். தொட்டி நிறையும் நேரத்துக்கு ரிலே தானாக விட்டுவிடும். போர்டை மோட்டார் பக்கத்தில் வைத்தேன். பட்டன் மட்டும் தன் சமையலறையில்தான் இருக்க வேண்டும் என்றார் ஓனர். மோட்டார் போடும் உரிமை அவருடையதாம்.

மேசையில் வைத்துச் சோதித்தபோது ரிலே ஒழுங்காக விட்டது. மாட்டினேன், விடவில்லை. தொட்டி வழிந்து, பக்கத்து வீட்டுக்காரர் காயவைத்த மிளகாய் மிதந்தது.

“சும்னே இருந்த மோட்டாருக்கு ஆபரேசன் பண்ணிட்டியேப்பா,” என்றார் ஓனர். “ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாவலன்னா கழட்டிப் போட்டுடுவேன். பழையபடி நீ மேல ஏறு.”

“மாடி ஏற சோம்பேறித்தனப்பட்டு, வாரம் பூரா கீழ குந்திக்கினு இருக்கீங்க,” என்றாள் என் மனைவி.

போர்டிலிருந்த ஐசி சிப்பை மாற்றினேன். ரிலேயை மாற்றினேன். மேசையில் நல்ல பிள்ளை, மாட்டினால் முரண்டு. “அழுத்துங்க சார்!” என்று கத்துவேன். “ஆயிடுச்சு!” என்று உள்ளேயிருந்து குரல் வரும். ரிலே டிக்கென்று பிடிக்கும். பிடித்தது பிடித்ததுதான். அவர் வந்து என் தலைக்கு மேல் நின்று, சைனா சரக்கு என்பார்.

சனிக்கிழமை, நேரம் தாண்டியும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது பட்டன் ஒயரைப் பிடுங்கினேன். ரிலே விட்டது. அப்போ போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. சமையலறைக்குள் போனேன். பட்டன் எழும்பாதபடி ஓர் ஈர்க்குச்சியை மடித்துச் சொருகியிருந்தார்.

“இது என்ன சார்?”

“ஒம் பட்டன் நிக்கலப்பா, வெளிய வெளிய வருது. பழைய ஸ்டார்ட்டரையும் குச்சி வெச்சுதான் ஓட்டினேன். சொன்னா நீ சங்கடப்படுவேன்னு சொல்லல.”

பட்டன் அழுந்தியே இருந்தால் டைமர் எப்படி விடும்? தொட்டுவிட்டு விரலை எடுக்கச் சொன்னேன். தலையாட்டினார். ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் குச்சி அங்கேயே இருக்கிறது.

இனி பேசிப் பயனில்லை. பட்டன் ஒயரில் ஒரு சின்ன கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் சேர்த்தேன். முதல் அழுத்தல் மட்டும் போர்டுக்குத் தெரியும். அப்புறம் குச்சி இருந்தாலும் ஒன்று, கடப்பாரை இருந்தாலும் ஒன்று.

“அழுத்துங்க சார்!”

“ஆயிடுச்சு!”

ஓடியது. நேரம் வந்ததும் நின்றது.

ஓனர் வெளியே வந்தார். “பாத்தியா? இன்னிக்கி புதுக் குச்சி. நேத்து வெச்சது லூசு.”

“சரி சார்.”

“எதுக்கும் மேல ஏறி ரொம்பிச்சான்னு பாத்துட்டு வா.”

“உங்க குச்சிதானே சார். நீங்களே பாத்துடுங்க.”

ஏறினார். அவருக்கு மூச்சு வாங்குவது கீழே வரை கேட்டது.