நான் வாதாடிய தெற்கு

அறுபதுகளின் நடுவில் மியூனிக்கில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்கு முன்னால் வடக்கும் தெற்கும் அடிமை முறைக்காக முட்டிக்கொண்டதைப் பற்றி வகுப்பில் கட்டுரை வாசிக்கும் முறை எனக்கு வந்தது. தேறினால், தேறியதற்குச் சான்றாக ஒரு சீட்டு தருவார்கள். அது இல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வடக்கு, தெற்கு என்று கேட்டதுமே எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம். வடக்கு நம்மை அமுக்குகிறது என்று மேடைக்கு மேடை கேட்டு வளர்ந்த தஞ்சாவூர்க்காரன் நான். இந்தியை எதிர்த்துக் கத்தித் தொண்டை கட்டியவன். எந்த நாட்டுத் தெற்காக இருந்தாலும் அது என் கட்சி. வரி போட்டு வதைத்த வடக்கு, தன் போக்கில் வாழ நினைத்த தெற்கு என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். அடிமைகளைப் பற்றி நடுவில் ஒரே ஒரு பத்தி. மறக்கவில்லை என்று காட்டத்தான் அதுவும்.

என் ஜெர்மனைத் திருத்திக் கொடுப்பவர் அதே வகுப்பில் படித்த ஒரு கறுப்பின அமெரிக்கர். ஜெர்மனியில் அமெரிக்க ராணுவத்தில் இருந்துவிட்டு, ஊர் திரும்பாமல் படிக்க உட்கார்ந்தவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அடிமை முறை வேரோடியிருந்த அலபாமாவில் பிறந்தவரிடம் அந்தக் கட்டுரையை நீட்டுகிறோமே என்பது என் மரமண்டையில் ஏறவே இல்லை. வாசிப்பதற்கு இரண்டு நாள் முன்னால், மாணவர் சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்து, இலக்கணப் பிழைகளையெல்லாம் பென்சிலால் பொறுமையாகத் திருத்தினார். பிறகு கேட்டார். ஜெர்மனில்தான் கேட்டார்; எனக்கு ஞாபகம் இருப்பது தமிழில்.

“தெற்கத்தி மக்கள், தெற்கத்தி மக்கள்னு எழுதியிருக்கியே, நானும் தெற்குதான். இதுல நான் எங்க இருக்கேன்?”

சுருக்கென்றது. கோபமும் வந்தது. “எங்க தெற்குல அடிமையெல்லாம் கிடையாது. வயல்ல வேலை செய்யறவங்களைக்கூட எங்க ஆளுங்கன்னுதான் சொல்லுவோம்.”

“சொந்தக்காரங்களா?”

“இல்ல.”

“வீட்டுக்குள்ள வருவாங்களா?”

“கொல்லைப்பக்கம் வருவாங்க.”

“பிடிக்கலைன்னா வேற எங்கயாவது போயிடலாமா?”

எங்கள் பண்ணையை விட்டு ஒருவர் குடும்பத்தோடு ஓடிப்போனதும், அப்பா ஆள் அனுப்பிப் பிடித்துவரச் சொன்னதும் எனக்குத் தெரியும். கட்டுரைத் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவர் வற்புறுத்தவில்லை. தன் தட்டில் இருந்த ஆப்பிள் கேக்கில் பாதியை வெட்டி என் பக்கம் தள்ளினார்.

“சாப்பிடு. இன்னும் ரெண்டு நாள் இருக்கு” என்றார்.

முழுவதையும் மாற்றி எழுதினேன். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்கச் சொன்ன சட்டத்தில் தொடங்கி, அதற்காக வடக்கும் தெற்கும் எப்படி முறைத்துக்கொண்டன என்று சொன்னேன். எங்கள் பண்ணையிலிருந்து ஓடியவரைப் பற்றியும் சொன்னேன். சீட்டு கிடைத்தது.

அந்த அமெரிக்கரை நினைக்கும்போதெல்லாம் இன்றும் மனம் நிறைந்துவிடுகிறது. அந்தக் கேள்வியை வகுப்பில் அத்தனை பேர் முன்னாலும் அவர் கேட்டிருக்கலாம்; அதற்கு எல்லா நியாயமும் அவருக்கு இருந்தது. எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். ஓடிப்போய் மாட்டிக்கொண்ட அந்த மனிதரை நாங்கள் வாசலில் நிறுத்தி, ஊர் பார்க்கத்தான் விசாரித்தோம்.