நில்லாத சித்தியும் அசையாத பேட்ஜும்

எங்கள் சித்தி ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் சொல்வோம். பல் துலக்கிக்கொண்டே செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். போன் பேசிக்கொண்டே மாடிப்படி ஏறி, எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் இறங்கி வருவாள். அவளுடைய கல்யாண போட்டோக்களில் எல்லார் முகமும் தெளிவாக இருக்கும், அவளுடையது மட்டும் கலங்கியிருக்கும்.

"ஊருக்கெல்லாம் மூச்சைப் பிடிங்க, அசையாதீங்கன்னு சொல்றா. ஒரு போட்டோவுக்கு இவளால நிக்க முடியல" என்பார் சித்தப்பா.

கட்டடத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் சித்தியிடம்தான் வருவார்கள். கீழ்வீட்டுத் தையல்கார அக்கா படியிலேயே மடக்கிவிடுவாள்.

"ஏம்மா, மைக்ரோவேவ்ல சுட வச்ச பால்ல கதிர்வீச்சு தங்கிடுமா?"

"லைட்டை அணைச்சப்புறம் ரூம்ல வெளிச்சம் தங்குதா? சூடுதான்க்கா தங்கும். குடிங்க."

"அப்போ வாழைப்பழம்? அதுலயும் இருக்காமே."

"இருக்கு, துளியூண்டு. உங்க உடம்புலயும்தான் இருக்கு. அதுக்காக அண்ணன் உங்களைத் தள்ளியா வைக்கிறாரு?"

அக்கா சிரித்து முடிப்பதற்குள் சித்தி தெருமுனையைத் தாண்டியிருப்பாள்.

அந்த வருடம் மருத்துவமனைக்குப் புது சிடி ஸ்கேன் இயந்திரம் வந்தது. உடம்பைச் சுற்றிச் சுழன்று, உள்ளே இருப்பதை ரொட்டித் துண்டுகள் மாதிரி அடுக்கடுக்காகப் படம் பிடித்துக் காட்டும். அதை இயக்கும் பயிற்சிக்குச் சித்தியின் பெயர் போயிருந்தது.

"சுத்திக்கிட்டே வேலை செய்யுற மெஷின். எனக்குன்னே செஞ்சிருக்காங்க" என்று தலைகால் புரியாமல் திரிந்தாள்.

அப்போதுதான் பேட்ஜ் காலை வாரியது. எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர்கள் உடுப்பில் ஒரு சின்ன பேட்ஜைக் குத்திக்கொள்ள வேண்டும். போட்டிருப்பவர் மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பது அதில் பதிவாகும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். சித்தியுடையதில் எப்போதும் அநேகமாக ஒன்றுமே இருக்காது. இந்த முறை வரம்பைத் தாண்டி எகிறியிருந்தது. காரணம் தெரியும்வரை அவள் எக்ஸ்ரே அறைக்குள் போகக் கூடாது, டோக்கன் கொடுக்கும் இடத்தில் உட்கார வேண்டும் என்றார்கள். காரணம் தெரியாவிட்டால் பயிற்சிக்கு வேறு ஆள்.

"நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாடிதானே நிக்கிறேன். எங்கேருந்து பட்டுச்சு?" என்று எங்களையே கேட்டாள். தையல்கார அக்கா படியில் சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். "பயமெல்லாம் இல்லம்மா, சும்மாதான்" என்றாள்.

பாதுகாப்பு அதிகாரி விசாரிக்க வந்த அன்று, பள்ளி முடித்து வீட்டில் இருந்த நான் சித்தப்பாவுடன் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அதிகாரி சித்தியிடம் சொன்னார்:

"பேட்ஜை மறுபடியும் பாத்தாங்கம்மா. போட்டுக்கிட்டு நடமாடினா கதிர் பல பக்கத்துலேர்ந்து படும், பதிவு கலங்கலா இருக்கும். இது கத்தரிச்ச மாதிரி சுத்தமா இருக்கு. இதைப் போட்டிருந்தவங்க ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல, துளிகூட அசையாம நின்னிருக்காங்க."

அங்கே நின்ற அட்டெண்டர் முதலில் வெடித்துச் சிரித்தார். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சார், அப்போ அது இவ இல்ல. கல்யாண போட்டோ எடுத்துட்டு வரட்டுமா?" என்றார்.

அதிகாரி சிரிக்கவில்லை. "அப்படின்னா அங்க நின்னது எது?"

சித்தி நின்றாள். நிஜமாகவே நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"என் கோட்டு" என்றாள்.

இருமலோடு குழந்தைகள் வரிசையாக வந்த மழைக்காலத்தில் அவள் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தாள். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி. அழுகிற குழந்தை வந்தால் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அதில் மாட்டுவாள். "பாரு, என் கோட்டும் உன்கூடவே நிக்குது. அது அழுவுதா? அது மாதிரியே நில்லு" என்பாள். சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் ஓடுவாள். ஓடுகிற அவசரத்தில், கோட்டில் குத்தியிருந்த பேட்ஜும் அங்கேயே நின்றது.

அதிகாரி கொக்கியைப் போய்ப் பார்த்தார். பதிவு காட்டிய திசையும் அதுவும் ஒத்துப்போயின.

"குழந்தைங்க நின்னுச்சா?" என்று கேட்டார்.

"ஒண்ணுகூட அசையல சார்."

"சரி. கோட்டைக் கொக்கியில மாட்டுங்க. பேட்ஜை மட்டும் உங்க மேல மாட்டிக்குங்க."

பயிற்சியின் முதல் நாள் மாலை, இயந்திரம் எப்படிச் சுழல்கிறது என்று காட்ட, சித்தப்பாவை நடுவில் உட்காரவைத்து அவரைச் சுற்றிச் சுற்றி ஓடினாள் சித்தி. திறந்து கிடந்த கதவில் தையல்கார அக்கா வந்து நின்றாள்.

"ஏம்மா, அந்தக் கோட்டைத் துவைச்சா கதிர்வீச்சு போயிடுமா?"

"லைட்டைத்தான் அணைச்சாச்சேக்கா. துவைச்சா அழுக்குதான் போகும்" என்று சொல்லிக்கொண்டே சித்தி அடுத்த சுற்றுக்குப் போனாள்.