ஃப்ரில் வைத்த கவர்கள்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஆம்ப்ரோஸ் வீட்டுக்குக் கலர் டிவி வந்தது 1991ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. கடை ஆட்கள் அட்டையைப் பிரித்து டிவியை மேசைமேல் வைத்து, ஆன்டெனா ஒயரைச் செருகி, ரிமோட்டை ஆம்ப்ரோஸ் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் பொத்தானை அழுத்தப் போகும் நேரத்தில் மனைவி அல்போன்சா இஞ்ச் டேப்போடு குறுக்கே வந்து நின்றாள்.

"கொஞ்சம் இருங்க. சூடாவறதுக்கு முன்னாடி அளவு எடுத்துக்கறேன்."

"டிவிக்கு எதுக்குடி அளவு?"

"ரோட்ல எவ்ளோ தூசின்னு பாருங்க. இதைப் போய் அம்மணமா வெப்பீங்களா?"

ஆம்ப்ரோஸின் அக்கா கேத்தரின் அதே காம்பவுண்டில் அடுத்த வீட்டில் இருந்தாள். கான்வென்ட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். டிவி பார்க்க நாற்காலியோடு வந்திருந்த அவள், "அப்டியே கேட்டுக்கோ அல்போன்சா, முழுக்கையா அரைக்கையான்னு" என்றாள்.

அல்போன்சா சிரிக்கவில்லை. அகலம் எடுத்தாள், உயரம் எடுத்தாள். பின்பக்கம் குறுகிப் போகும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்து அதையும் எடுத்தாள். காற்று போகும் துளைகளைப் பார்த்ததும், "இங்க வலைத்துணி வெக்கணும். மூச்சு விட வேணாமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் ஆம்ப்ரோஸ் படம் பார்த்தார்.

மறுநாள் ஆம்ப்ரோஸ் ஈஸ்டர் பூசை முடிந்து வருவதற்குள் டிவிக்கு அரக்கு நிறத்தில் கவர் தயார். முன்னால் இரண்டு பக்கமும் விலகும் திரை, கீழே சுற்றிலும் ஃப்ரில். மிஞ்சிய துணியில் ரிமோட்டுக்கும் ஒரு உறை, அதற்கு இரண்டு பொத்தான். பொத்தானைக் கழற்றி ரிமோட்டை எடுப்பதைவிட எழுந்து போய் டிவியையே தொடுவது சுலபமாக இருந்தது. "ரிமோட் வாங்கியும் நடந்து போய் சேனல் மாத்தற ஆளு பெங்களூர்லயே நான் ஒருத்தன்தான்" என்று ஆம்ப்ரோஸ் பல வருஷம் எல்லோரிடமும் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அல்போன்சா அதுவரை பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தவள். அவளுடைய தையலில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் போட்டுக்கொள்கிறவர்களின் உடம்பு ஒரு மாதத்துக்கு ஒரு மாதிரி இருக்கும். பெருத்துப் போனவர்கள் பிளவுஸ் சின்னதாகிவிட்டது என்பார்கள், மெலிந்தவர்கள் துணி இழுத்துவிட்டது என்பார்கள். பின் வீதி பவுலின் ஒரே பிளவுஸை மூன்று முறை பிரிக்க வைத்தாள், நான்காவது முறை முதல் அளவுதான் சரி என்றாள். டிவி அப்படி இல்லை. எடுத்த அளவு எடுத்தபடியே இருந்தது. கழுத்து இறக்கம் போதவில்லை என்று அது திரும்பி வரவில்லை.

டிவி பார்க்க வந்தவர்கள் கவரையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவராகச் சொல்லி அனுப்ப ஆரம்பித்தார்கள். மிக்ஸிக்குக் கவர், ஃப்ரிட்ஜ் மேலே போட இரண்டு பக்கமும் பை வைத்த விரிப்பு, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குத் தனியாக ஒரு உறை. தொலைபேசி இணைப்பு கிடைத்தவர்கள், எண் சுழற்றும் இடம் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு குட்டிப் பாவாடை கேட்டார்கள். வாஷிங் மெஷின் வந்தபோது ஜிப் வைத்தாள். வீடுகளுக்குள் புதிதாக என்ன நுழைகிறது என்று தெரிந்துகொள்ள அந்தத் தெருவில் செய்தித்தாள் வேண்டியதில்லை. அல்போன்சாவின் மெஷினில் என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்த்தால் போதும்.

ஒன்றில் மட்டும் அவள் கறாராக இருந்தாள். வாயால் சொன்ன அளவுக்குத் தைக்க மாட்டாள். "பதினாலு இஞ்ச் மானிட்டர்" என்றால், "அது அவன் சொல்ற அளவு. எனக்கு அதோட வயிறும் முதுகும் தெரியணும்" என்று நேரில் போய்த் தொட்டுப் பார்த்துத்தான் வெட்டுவாள்.

1999இல் அவள் வாசல் கேட்டில் ஒரு அட்டையைக் கட்டினாள். 'பிளவுஸ் தைப்பதில்லை. கவர் மட்டும்.'

கேத்தரின் கேட்டைத் திறந்தபடியே அதைப் படித்தாள். "அப்போ ஆரோக்கிய மாதா திருநாளைக்கு எனக்கு யாரு தைப்பா?"

சிவாஜி நகரில் செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருநாள். பெண்கள் காவிப் புடவை கட்டிக்கொண்டு போவார்கள். அதற்கு முன்னால் வரும் வாரங்களில் பிளவுஸ் தைப்பவர்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது.

"உங்களுக்கும் இல்ல கேத்தி அக்கா. இனிமே வாய் இருக்கற எதுக்கும் நான் தைக்கறதில்ல."

"பாக்கறேன். ஒரு திருநாள் வராமயா போயிடும், நீயே அந்த அட்டையைக் கழட்டுவ."

நான்கு திருநாள் அட்டை அப்படியே இருந்தது. ஆனால் கடைசி இரண்டு வருஷங்களில் மெஷின் சத்தம் குறைந்துபோனது. புதிதாகக் கட்டிய ஃபிளாட்டுகளுக்குக் குடிவந்த பெண்கள் ஃப்ரிட்ஜை நிறம் பார்த்து வாங்கினார்கள், பிறகு அதை எதற்கு மூட வேண்டும் என்று கேட்டார்கள். தொலைபேசி சுருங்கிச் சுருங்கிச் சட்டைப்பைக்குள் போய்விட்டது. அல்போன்சா அட்டையைத் துடைத்துத் துடைத்துக் கட்டினாள். கேத்தரின் ஒவ்வொரு முறை கேட்டைத் திறக்கும்போதும் வேண்டுமென்றே நின்று படித்தாள்.

அப்போது ஆம்ப்ரோஸ் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்குக் கேப் ஓட்டிக்கொண்டிருந்தார். 2003 ஜூன் மாதம் அவர் ஒரு ஆர்டரோடு வந்தார். பக்கத்து மனையில் கட்டடம் எழும்புவதால் ஆபீஸ் முழுக்கச் சிமென்ட் தூசி, கம்ப்யூட்டர் மானிட்டர்களுக்கு அறுபது கவர் வேண்டும் என்று அங்கே நிர்வாகம் பார்த்த ரகுராம் சொல்லியிருந்தார்.

அல்போன்சா மறுநாளே கேப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து ஓசூர் ரோடு நெரிசலைத் தாண்டிப் போனாள். எல்லாம் ஒரே மாதிரியான மானிட்டர்கள், ஒவ்வொன்றும் டிவி போலவே முதுகு பெருத்தது. திருப்தியாக அளவெடுத்தாள். ரகுராம், "சிம்பிளா தைச்சா போதும்மா, ஜூலைக்குள்ள குடுத்துடுங்க" என்றார்.

சிம்பிளாகத் தைக்க அவளுக்குக் கை வரவில்லை. வான நீலத் துணியில் முதல் கவரை முடித்துப் பார்த்தாள். தலையணை உறை மாதிரி இருந்தது. அறுபதுக்கும் ஃப்ரில் வைத்தாள். முன்பக்கம் எது என்று தெரிய மூலையில் ஒரு மஞ்சள் பூ போட்டாள். ஜூலை போனது. ஆகஸ்டும் பாதி போனது.

"ஆபீஸுக்குப் போறது கவரா, கல்யாணப் பொண்ணா?" என்று கேத்தரின் கேட்டாள்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் மூட்டைகளைக் கேப்பில் ஏற்றினார்கள். வழியில் ஏறிய கம்பெனிப் பிள்ளைகள் ஆளுக்கொரு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஆபீசில் ரகுராம் இல்லை, புனேவுக்கு மாற்றலாகிவிட்டார். அவர் இடத்தில் வாணியம்பாடியிலிருந்து வந்த கிருத்திகா என்ற பெண் இருந்தாள். மூட்டையைப் பிரித்துப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ரொம்ப அழகா இருக்கு ஆன்ட்டி. ஆனா… நீங்க கொஞ்சம் உள்ள வந்து பாருங்களேன்."

உள்ளே வரிசையாகத் தோசைக்கல்லை நிறுத்தி வைத்தது போல மெல்லிய திரைகள் நின்றுகொண்டிருந்தன. தலைமை ஆபீசிலிருந்து போன வாரம்தான் வந்து இறங்கினவாம். அல்போன்சா ஒன்றின் பின்னால் கையை விட்டுப் பார்த்தாள்.

"இதுக்கு முதுகே இல்லியேம்மா."

"எல்லாம் இப்ப ஃபிளாட்தான் ஆன்ட்டி. சாரி ஆன்ட்டி. சொன்ன கூலியை நான் வாங்கிக் குடுத்துடறேன்."

"போட்டுக்காத சட்டைக்கு எதுக்கும்மா கூலி? குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு."

தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சின்னப்பா என்ற துப்புரவுப் பணியாளர் ஒரு பெரிய வாட்டர் கேனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சுவர் வழியாக வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. சுற்றிக் கட்டியிருந்த செய்தித்தாள் ஈரத்தில் பிய்ந்து தொங்கியது.

"வெயில் பட்டா பாசி புடிக்குதும்மா. பேப்பர் சுத்தினா இப்டி கலீஜாவுது. டெய்லி இதே பேஜாரு" என்றார் அவர்.

அல்போன்சா தண்ணீரைக் குடித்தாள். அவர் சொன்னது காதில் விழுந்தது, மனதுக்குள் போகவில்லை.

திரும்பும் வழியெல்லாம் ஆம்ப்ரோஸ் பேசிக்கொண்டே வந்தார். "ஃப்ரில் வெக்காம இருந்திருந்தா ஜூலைலயே குடுத்திருக்கலாம்" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "குடுத்திருந்தாலும் இப்ப கழட்டித்தான் வெச்சிருப்பாங்க" என்று முடித்தார்.

அறுபது கவர்களும் கட்டில்மேல் மலையாகக் கிடந்தன. மறுநாள் காலை கேத்தரின் காவி நிறத்தில் பிளவுஸ் துணியோடு வந்தாள். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஆனாலும் அன்றைக்குக் குரல் கொஞ்சம் தணிந்தே இருந்தது.

"அட்டை அப்டியே இருக்கட்டும் அல்போன்சா. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் தைச்சுக் குடு. அப்புறம் பவுலினும் ரெண்டு துணி வெச்சிருக்கா."

அப்புறம் பவுலின். அதற்கப்புறம் தெரு முழுக்க. அல்போன்சா கட்டிலைப் பார்த்தாள், துணியை வாங்கினாள், டேப்பை எடுத்தாள். தோள் எடுத்தாள், கை எடுத்தாள். "சொல்ப, கொஞ்சமே கொஞ்சம் லூசா வை, போன தடவை அக்குள் புடிச்சுது" என்றாள் கேத்தரின். போன தடவை என்பது நான்கு வருஷத்துக்கு முன்னால். அல்போன்சா மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தாள்.

"முப்பத்தி நாலு" என்றாள். டேப்பைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"என்னாடி?"

"முப்பத்தி நாலு… உருண்டையா… முப்பத்தி மூணு, முப்பத்தி நாலுதான் இருக்கும் அக்கா!"

"எது?"

"அந்த வாட்டர் கேனு!"

"என்னையா வாட்டர் கேனுன்ற?"

"ஐயோ, உங்களை இல்லக்கா! நீங்க அப்டியே நில்லுங்க, அசையாதீங்க!"

கட்டிலிலிருந்து ஒரு நீலக் கவரை உருவி அவள் கேத்தரினின் தலை வழியாக மாட்டினாள். உள்ளேயிருந்து வந்த திட்டு துணியில் அடங்கிக் கேட்டது. அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டது போல அது தொளதொளவென்று தொங்கியது. இரண்டு பக்கமும் ஒரு பிடி துணியைச் சேர்த்துக் குண்டூசி குத்தினாள். கீழே ஃப்ரில்லுக்கு மேலே ஒரு நாடா கோத்து இழுத்தால் போதும். சத்தம் கேட்டு வந்த ஆம்ப்ரோஸ், நெஞ்சு வரை நீலத் துணியாக, நெற்றிக்கு நேரே மஞ்சள் பூவோடு நின்ற அக்காவைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

ஆனால் அல்போன்சா அன்றைக்குத் துணியை வெட்டவில்லை. கேத்தரினின் அளவு வேறு, கேனின் அளவு வேறு. மறுநாள் மறுபடியும் கேப்பில் போய், சின்னப்பாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தலைகீழாக நின்ற கேனைச் சுற்றி டேப்பைப் போட்டாள். முப்பத்து மூன்றரை. கிருத்திகாவின் மேசையிலேயே ஒரு கவரைப் பிரித்து, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு நாடா கோத்தாள். கேன்மேல் மாட்டி இழுத்துக் கட்டியதும், கேன் ஸ்டாண்டோடு சேரும் இடத்தில் தண்ணீர்க் கறை படிந்து அசிங்கமாகத் தெரிந்த வளையத்தை ஃப்ரில் அப்படியே மறைத்துவிட்டது. வெயில் வந்து துணிமேல் விழுந்து நின்றது.

சின்னப்பா கேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "தண்ணிக் கேனு இல்லம்மா, ஸ்கூலுக்குப் போற பாப்பா மாதிரி இருக்கு."

"ஆன்ட்டி, எல்லா ஃப்ளோருக்கும் வேணும்" என்றாள் கிருத்திகா. "நான் தங்கியிருக்கற பிஜி ஹாஸ்டல்ல கூட மொட்டை மாடிப் படிக்கட்டுல நாலு கேன் வெயில்லதான் நிக்குது. ஓனர் ஆன்ட்டி பாத்தா விட மாட்டாங்க."

ஓனர் விடவில்லை. அவருடைய தங்கை நடத்தும் இன்னொரு பிஜியும் விடவில்லை. அந்தச் செப்டம்பர் முதல் வாரம் அல்போன்சா அறுபது மானிட்டர் கவர்களையும் பிரித்துக் கேனுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். மெஷின் ஓய்வில்லாமல் ஓடியது. வாசலில் பழைய அட்டை மழையில் நைந்து போயிருந்ததால் புதிதாக ஒன்று எழுதிக் கட்டினாள். வாசகத்தில் மாற்றமில்லை.

கேத்தரின் காவித் துணியை எடுத்துக்கொண்டு சிவாஜி நகரில் ஒரு தையல்காரரிடம் போனாள். திருநாள் அன்று அதைப் போட்டுக்கொண்டு கும்பலில் இடிபட்டுத் திரும்பியவள், நேராக அல்போன்சா வீட்டு நாற்காலியில் வந்து விழுந்தாள்.

"கையைத் தூக்க முடியல. மூச்சு விட முடியல. பாவி, எப்டி தைச்சிருக்கான் பாரு. மாதாகிட்ட கும்புடக்கூட முழுசா கை எழும்பல."

அல்போன்சா மெஷினிலிருந்து ஒரு நீலக் கவரை எடுத்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு உதறினாள்.

"இன்னியோட எத்தினி கேனுக்குப் போட்டாச்சு அக்கா. ஒண்ணாவது கை டைட்டுன்னு வந்துச்சா?"

கேத்தரின் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிளவுஸ் இடம் கொடுக்கவில்லை. "மொதல்ல அந்தக் கத்திரியைக் குடுடி" என்றாள்.

அல்போன்சா கத்திரியைக் கொடுத்தாள். பிரித்தும் விட்டாள். ஆனால் திரும்பத் தைக்க மட்டும் சிவாஜி நகருக்கே அனுப்பினாள்.