சிரிப்புக்கு விட்ட இடம்

ஷூட்டிங் போன முதல் நாளே, மதியச் சாப்பாட்டுக்குள், என்னை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடலாமா என்று பேச்சு வந்துவிட்டது. பேசியவர் புரொடக்‌ஷன் மேனேஜர். நான் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தேன். நடிக்க வந்தவளுக்குக் காது கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ.

மேடையில் தனியாக நின்று ஸ்டாண்ட்-அப் காமெடி செய்கிற தம்பி தங்கைகள் சிலருக்கு இப்போது சினிமா வாய்ப்பு வருகிறது. வந்ததும் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். "அக்கா, அங்க எப்டிக்கா?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். படித்தது பத்தாவது. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மன் துணை.

புடவை விரித்த காலம்

எங்கள் வீடு அடையாற்றின் கரையில் இருந்தது. ஒரு வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கம் அங்கிருந்து எங்களைக் காலி செய்து, ஊருக்கு வெளியே ஒரு அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் பெயிண்டர். ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அவர் படுத்தார், நான் எழுந்தேன். தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் புடவை செக்‌ஷனில் சேர்ந்தேன். போகும்போது பஸ்ஸில் நிற்பேன், பகல் முழுக்கக் கடையில் நிற்பேன், திரும்பும்போதும் நிற்பேன். வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகளுக்கு ஒரு கிளிப்பச்சை பிடித்துவிட்டது. அதைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்க்கிறாள். மாமியார் முகத்தைச் சுளிக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் புடவை மலை மாதிரி குவிந்துகொண்டே போகிறது. மடிக்கப்போவது நான்தானே. பொறுக்க முடியவில்லை.

"உங்க அத்தைக்குப் புடிக்கலன்னா, கலரு உங்களுக்கு எடுப்பா கீதுன்னு அர்த்தம்மா," என்று சொல்லிவிட்டேன்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த மாமி என்னை முறைத்தார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே புடவையை மடிக்க ஆரம்பித்தேன். பிறகு அவரே சிரித்து, "இவ எங்காத்துக்கு வந்து பாத்துண்டு இருந்திருக்காடி!" என்று மருமகளிடம் சொன்னார். ஆளுக்கொரு புடவை எடுத்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் ஃப்ளோரைப் பார்த்துக்கொண்டவர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. அவர் வந்து, "ஏ மகேஸ்வரி, சேலைய விரிக்கச் சொன்னா வாயையில்லா விரிக்கே? வித்துட்டே, சரி போ," என்றார். அது அவர் பாராட்டும் விதம்.

நான் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நித்யா. அக்கா கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த பெண். அடையாறில் ஒரு காபி கடை மாடியில் வாரா வாரம், யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்கிற ஓப்பன் மைக் நடத்துகிறவள் என்று அப்புறம்தான் தெரியும்.

"அக்கா, இப்ப பேசினீங்கல்ல, அத மைக்ல பேசுவீங்களா?"

"மைக்குலயா? ஆடி மாசம் கோயில்ல கூழு ஊத்துறப்ப தூரத்துலருந்து பாத்துகீறேன், அவ்ளோதாம்மா."

வீட்டில் சொன்னதற்கு அவர் படுத்தபடியே கேட்டார், "இன்னாமே, ஊரு சிரிக்கிற மாதிரி நடந்துக்காதன்னு எங்கம்மா சொல்லிக்கினே இருக்கும். நீ அதையே தொழிலா பண்ணப் போறியா?"

"போவட்டுமா வேணாமா, அத சொல்லுய்யா."

"போ. சிரிச்சாங்கன்னா நல்லது. சிரிக்கலன்னா காபி குட்சிட்டு வா."

மூச்சு விடுங்கக்கா

மேடை ஏறும்போது செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்தேன். கூட்டம் சிரித்தது. அது ஜோக் இல்லை. மேடை என்றால் செருப்போடு ஏறக் கூடாது என்பது எனக்கு வழக்கம், இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சிரிப்பு அதுதான்.

காரணம் என் கடைப் பழக்கம். கவுன்ட்டரில் பேச்சை நிறுத்தினால் கஸ்டமர் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் மூச்சு விடாமல் பேசினேன். அவர்கள் சிரிக்க வாயைத் திறப்பார்கள், அதற்குள் அடுத்ததைச் சொல்லிவிடுவேன். காதில் விழாமல் போய்விடுமே என்று திறந்த வாயை மூடிக்கொள்வார்கள். கடைசியில் மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

கீழே வந்ததும் நித்யா, "அக்கா, ஜோக் சொல்லிட்டு மூச்சு விடுங்கக்கா. சிரிக்கறதுக்கு எடம் குடுங்க. அவங்க சிரிச்சு முடிக்கற வரைக்கும் நீங்க சும்மா நின்னாப் போதும்," என்றாள்.

சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. சமைக்கும்போது, பஸ்ஸில், படி ஏறும்போது எல்லாம் பழகினேன். ஒரு வரி சொல்வேன், நிறுத்துவேன், மனசுக்குள் கூட்டம் சிரித்து ஓயும், அடுத்த வரி. மறுபடி மேடை கிடைத்தபோது எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன்.

"ஆத்தங்கரைல இருந்தப்ப வேணான்னாலும் வூட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. இப்ப எட்டாவது மாடி. பைப்ப தொறந்து வச்சிக்கினு வா வான்னு கூப்டாலும் வரல."

நிறுத்தினேன். ஒரு வினாடி ஒன்றும் இல்லை. பிறகு வந்தது பாருங்கள், மாடியே ஆடியது. அந்த ஒரு வினாடிக்காகத்தான் நாம் எல்லாம் இந்தத் தொழிலில் கிடக்கிறோம்.

பிறகு கல்லூரி விழாக்கள், கம்பெனி விழாக்கள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யார் யார் போனிலோ என் வீடியோ ஓடியது. இரண்டு வேலையும் பார்க்க முடியவில்லை. அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "போயிட்டு வா தாயி. நல்லா இரு. ஆனா திரும்பி வந்தா உன் கவுன்ட்டர் இருக்காது, இப்பவே சொல்லிட்டேன்," என்று விபூதி பூசி அனுப்பினார்.

கட்!

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் டைரக்டர் கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர், என்னை அக்கா என்றுதான் அழைப்பார். ஹீரோவின் குடும்பம் வாடகைக்கு இருக்கும் வீட்டின் ஓனர் அம்மா வேஷம். படம் முழுக்க வருகிற வேஷம். என் வீட்டுக்காரர் சிரி சிரி என்று சிரித்தார். "சொந்தமா ஒரு செவுரு கூட கெடையாது. இவ ஓனராம்!" அதற்குள் அவர் கைத்தடி வைத்து நடக்க ஆரம்பித்திருந்தார், வேலைக்குப் போக முடியாது. மேடையும் மாதா மாதம் கிடைப்பதில்லை. இந்தப் பட வாய்ப்பு நிலைத்தால்தான் நாங்கள் நிமிர முடியும்.

ஷூட்டிங் மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டில். எதிரில் நடிப்பவர் அனுபவசாலி, ஹீரோவுக்கு அப்பா வேஷம். அவர், "மோட்டார் எப்பம்மா போடுவீங்க?" என்று கேட்பார். நான் சொல்ல வேண்டியது இதுதான்:

"மோட்டாரு காலைல போடுவேன். தண்ணி வந்தா சொல்லுவேன். சொல்லலன்னா, வந்துச்சு, நானே புடிச்சிக்கினேன்னு அர்த்தம். வாடகைய மட்டும் நீங்க சொல்லாமக்கொள்ளாம குட்த்துடணும்."

நல்ல வசனம். எனக்கென்றே எழுதிய மாதிரி இருந்தது. ஃபேனை நிறுத்தினார்கள், போனையெல்லாம் அணைத்தார்கள். ரோலிங், ஆக்‌ஷன். 'புடிச்சிக்கினேன்னு அர்த்தம்' வரை சொன்னேன். நின்றேன்.

ஒரு சத்தம் இல்லை. அத்தனை பேர் சுற்றி நிற்கிறார்கள், ஒரு பல் தெரியவில்லை.

"கட்! அக்கா, டயலாக் மறந்துட்டீங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் நின்னீங்க?"

"சிரிக்கறதுக்கு எடம் வுட்டேன் சார்."

அவர் தலையைச் சொறிந்தார். "இங்க யாரும் சிரிக்க மாட்டாங்கக்கா. நிறுத்தாம சொல்லுங்க."

யாரும் சிரிக்க மாட்டார்களாமே. அவ்வளவு மோசமாகவா சொல்கிறேன்? அடுத்த டேக்கிலும் அதே இடத்தில் வாய் தானாக நின்றது. அதற்கடுத்ததிலும் நின்றது. நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சொன்னால் முதல் வரியிலேயே நின்றது. எதிரில் நடித்தவர், "அம்மா, நீங்க நிக்கறதப் பாத்தா நானே வாடகையக் குடுத்துட்டுப் போயிடலாம்னு தோணுது," என்றார். நல்ல மனுஷர், எனக்குத் தெம்பு கொடுக்கத்தான் சொன்னார். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் மேனேஜர் டைரக்டரிடம் அந்தப் பேச்சை எடுத்தார். "மேடைல பேசறவங்களுக்கு இதெல்லாம் வராது சார். வேற ஆள் ரெடியா இருக்காங்க, ஒரு போன் போடட்டுமா?"

டைரக்டர் யோசித்துவிட்டு, "சாப்பாடு முடியட்டும். ஒரு தடவை பாப்போம். வரலன்னா போடுங்க," என்றார்.

பூட்டிய கம்பிக்கு முன்னால்

சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை. அசிஸ்டன்ட் டைரக்டராக இருந்த பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க்கா அழறீங்க?"

"ஒருத்தருக்கும் சிரிப்பு வரலியேம்மா."

"அய்யோ அக்கா! இது லைவ் சவுண்ட். பேசறது அங்கயே ரெக்கார்ட் ஆவுது. சிரிச்சா அந்தச் சத்தமும் சேந்து டேக் வீணாயிடும். மேல லைட் புடிக்கிறாரே, அவரப் பாக்கலியா? துண்ட வாய்ல வச்சுக் கடிச்சிட்டு நின்னாரு!"

பாதி உயிர் வந்தது. ஆனால் விஷயம் தெரிந்தால் மட்டும் போதுமா? அவ்வளவு பாடுபட்டுப் பழக்கிய வாய், நில் என்றால் நிற்கும், நிற்காதே என்றால் அதற்குப் புரியவில்லை.

தெருமுனையில் ஒரு சின்ன அம்மன் கோயில். உச்சிகாலம் முடிந்து கம்பிக் கதவைப் பூட்டியிருந்தார்கள். உள்ளே விளக்கு எரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று கொட்டிவிட்டேன். "தாயே, இன்னா இப்டி பண்ற? கடையும் வுட்டுட்டேன். அந்தாளு வூட்ல தடிய ஊனிக்கினு நிக்கிறாரு. இப்ப என்னிய வெளில தள்ளுனா நான் எங்க போவேன்? ஒரு வார்த்த சொல்லேன்…"

நானாகப் பேசிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினேன். விவரம் தெரிந்த நாள் முதலாய் அம்மனிடம் பேசுகிறேன். கல்யாணம், பிள்ளை, வெள்ளம், இடுப்பு எலும்பு எல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளாவது அவள் 'உம்' கொட்டியிருக்கிறாளா? கொட்டவில்லையே என்று நான் ஒரு நாளாவது பாதியில் நின்றிருக்கிறேனா? கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று தெரியும், அதனால் சொல்லி முடித்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போவேன்.

கம்பியில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டு திரும்பினேன்.

ரோலிங். ஆக்‌ஷன். எதிரில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தேன். இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், சிரிக்க வேண்டியது அவர் வேலையில்லை என்று மனசில் வைத்துக்கொண்டு சொன்னேன். மோட்டார், தண்ணீர், அர்த்தம், வாடகை. நிற்காமல் சொல்லி முடித்துவிட்டு, வசனப்படி திரும்பி உள்ளே நடந்தேன்.

"கட்! ஓக்கே!"

அந்த வார்த்தைக்காகவே காத்திருந்த மாதிரி வீடு முழுக்க வெடித்தது. மேலே லைட் பிடித்தவர் துண்டை உதறிக்கொண்டு, "யம்மா, இன்னொரு டேக்குன்னா நான் கீழ வுந்துருப்பேன்!" என்று கத்தினார். மேனேஜர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அக்காக்கு ஒரு டீ குடுங்கப்பா," என்றார்.

தியேட்டரில்

படம் வந்த அன்று நானும் அவரும் கூட்டத்தோடு கூட்டமாக டிக்கெட் எடுத்துப் போய் உட்கார்ந்தோம். அந்தக் காட்சி வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'புடிச்சிக்கினேன்னு அர்த்தம்' என்று என் குரல் கேட்டது. அடுத்து என் குரலே கேட்கவில்லை. தியேட்டர் அப்படிச் சிரித்தது. பக்கத்து சீட்டு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரென்று தெரியாமலே என் தொடையில் அடித்தார்.

படம் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு படங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலும் ஓனர் அம்மாதான்.

தம்பி தங்கைகளே, நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். மேடையில் சிரிப்பு அப்போதே கைக்கு வந்துவிடும், அதற்கு இடம் விட்டு நில்லுங்கள். கேமரா முன்னால் அப்படி நின்று சிரிப்பை வாங்கிக்கொள்ளப் பார்க்காதீர்கள். உண்மையாகச் சொன்னதை யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பி, சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். சிரிப்பு வருகிற நேரத்துக்கு வரும்.

தியேட்டரிலிருந்து வெளியே வந்ததும் ஆட்டோவுக்குக் காத்து நின்றோம். அவர் தடியை ஊன்றிக்கொண்டு ஏதோ யோசனையாக இருந்தார்.

"இன்னாய்யா, புடிக்கலியா?"

"அதில்லமே. தண்ணி புடிச்சிக்கினேன்னு சொன்னப்புறம் இன்னாமோ வாய ஆட்டினியே. ஒரே சிரிப்பு, ஒண்ணுமே கேக்கல. இன்னா சொன்ன?"

சொன்னேன். பிளாட்பாரத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அய்யோ, இதுதாம்மே நல்லாக்கீது! இத எவனும் கேக்கலியே!" என்றார்.

"நீ கேட்டுட்டல்ல," என்றேன். ஆட்டோ வந்தது.